தேடும் பெட்டி சொன்ன சேதி

கேளம்பாக்கத்துக் கம்பெனியில் ஹேமந்துக்கு ஒரே வேலைதான். கடலோர ஊர்களுக்கான செய்திச் செயலியில் ஒருவர் நாலு எழுத்து தட்டியதும், தேடும் பெட்டி மீதியை ஊகித்துக் கீழே காட்ட வேண்டும். அந்த ஊரில் பலர் எதைத் தேடினார்களோ அதுதான் மேலே வரும். பட்டணத்தில் பலர் என்றால் ஆயிரம் பேர். அந்தக் கணக்கை வைத்தால் கோவளத்துக் குப்பத்தில் பெட்டி ஊமையாகத்தான் கிடக்கும். நம்ம ஊர் மட்டும் இளப்பமா என்று இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சின்ன ஊர்களுக்கு நாலைந்து பேர் தேடினாலே போதும் என்று விதியைத் தளர்த்தினான். "ஆள் பேரெல்லாம் வந்தா வம்பு ஹேமந்த்" என்று மேலதிகாரி ஜெஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டானா மகராசன்!

இப்போது அவன் அப்பா சிங்காரம் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. உடல் கரைக்கு வராதவரை அந்தக் குப்பத்தில் யாரும் 'செத்தான்' என்று வாயால் சொல்லமாட்டார்கள். பெண்டாட்டி பூவும் பொட்டுமாக இருந்து, அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைக்க வேண்டும். அவன் அம்மா ஆதியம்மாளும் வைத்தாள். எதிர்வீட்டு ஞானம்பாள் தினம் வந்து, "எங்கனா கரையேறிக்கினு இருப்பாரு, வந்துடுவாருக்கா" என்று சொல்லிப் போனாள்.

அன்று மத்தியானம் சோறு வடித்துவிட்டு ஆதியம்மாள் போனை எடுத்தாள். வேறு ஊரில் யாரையாவது காப்பாற்றியதாகச் செய்தி இருக்குமோ என்று ஒரு நப்பாசை. வாயால் சொல்லியறியாத புருஷன் பெயரைக் கூச்சத்தோடு தட்டினாள். 'சிங்கா' வரைக்கும்தான் அவள் தட்டியது. மீதியைப் பெட்டி முடித்தது.

'சிங்காரம் பொணம் எங்க ஒதுங்குச்சு.'

கூடத்தில் இருந்த மகனிடம் போனை நீட்டினாள். "டேய், இன்னாடா இது? எங்கடா ஒதுங்குச்சு? எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

ஹேமந்த் போனை வாங்கிப் பார்த்தான். "ஒதுங்கலமா. அது சேதி இல்ல. ஊர்ல நாலு பேர் தேடுனா தானா வரும்."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஊர் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. விரல்தான் சும்மா இருக்கவில்லை, பாவி விரல்!

அவன் லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை அவசரமாக அழித்தான். "போயிடுச்சு பாரும்மா."

அவள் பார்க்கவில்லை. "யாரு யாருடா தேடுனாங்கோ?"

"பேரெல்லாம் காட்டாதுமா."

"நீ தேடுனியா?"

முந்தாநாள் பஸ்ஸுக்கு நின்றபோது அவனும் அதையேதான் தட்டிப் பார்த்தான். தலை தானாகக் குனிந்தது.

ஆதியம்மாள் அழவில்லை. கொண்டையில் இருந்த பூவை உருவி அவன் கையில் வைத்தாள்.

"ஊரு தேடுனா தேடிட்டுப் போவுது. பெத்த புள்ள நீயே தேடிட்ட. இனிமே நான் யாருக்குடா உலை வெக்கிறது?"

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.