எண்பத்திரண்டாவது கட்டம்

தனிம அட்டவணையை மனப்பாடம் செய்ய ஒரு வழி வைத்திருந்தேன். வெறும் கட்டங்கள் மட்டும் உள்ள அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்துப் பத்துப் பத்தாக அச்சடிப்பேன். நூற்றுப் பதினெட்டுக் கட்டங்களையும் பார்க்காமல் நிரப்பவேண்டும். ஆய்வக வேலைக்கான தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்விய என் மண்டையில் வேறு எந்த வழியிலும் எதுவும் ஏறவில்லை.

தாளுக்கு அக்கா பொறுப்பு. அத்தான் இறந்தபின் அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறை. அங்கே ஒரு மூலையில், ஒரு பக்கம் மட்டும் அச்சான பழைய தாள்கள் கிடந்தன. கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தாள். மேலே சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருக்கும். ஊதித் தட்டிவிட்டு அச்சுக்கடைக்கு எடுத்துப்போவேன்.

அக்கா வேலைக்குப் போனதும் அவளுடைய ஒன்றரை வயது மகளை நான்தான் பார்த்துக்கொள்வேன். வாண்டு என்று கூப்பிடுவோம். சரியான வால், படிக்கவே விடமாட்டாள். நிரப்பி முடித்த தாளைக் கையில் கொடுத்தால் மட்டும் கப்சிப். கிழிப்பாள், சப்புவாள், மெல்லுவாள். தொல்லை விட்டது என்று நான் அடுத்த தாளை எடுப்பேன்.

சில மாதங்களில் வாண்டு சோற்றைத் தள்ள ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சுருண்டு படுத்தாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர் அக்காவின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"குழந்தை ரத்தத்துல ஈயம் நிறைய இருக்கும்மா. உங்க துணியில, முடியில ஒட்டி வந்திருக்கும்."

"பட்டறையிலயே தலைக்குக் குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் டாக்டர் வருவேன்."

"வேற ஏதாவது அங்கேருந்து வீட்டுக்கு வருதா?"

அக்கா யோசித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். தாள் அவள் நினைப்பிலேயே இல்லை. எண்பத்திரண்டாவது கட்டத்தில் ஈயம், நஞ்சு என்று தினமும் என் கையால் எழுதி, பட்டறைத் தூசி படிந்த அந்தத் தாளையே வாண்டுவின் வாய்க்குக் கொடுத்திருக்கிறேன். படித்தவளாம் நான்! அதைச் சொல்லி, என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தியா என்று அக்கா கேட்டுவிட்டால் நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பது?

அன்றே எல்லாத் தாளையும் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். வீட்டை மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தேன். அதற்குள் அக்கா தன் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை விட்டுத் தள்ளியிருக்க, கூட வேலை செய்பவளின் அறைக்குப் போகிறாளாம். வேண்டாம்க்கா என்றேன். ஏன் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வாசலுக்கு வெளியே நிற்பாள். வாண்டு தாவிக்கொண்டு போனால் பின்வாங்குவாள்.

மூன்றாவது மாதச் சோதனையில் ஈயம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அக்கா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தியா? நான் தள்ளிப் போனதும் குறைஞ்சிடுச்சு. என் பிள்ளைக்கு நானேதான்டி எமனா இருந்திருக்கேன். இனிமே நான் இந்தப் பக்கமே வரலை. நீயே வளத்துடு."

இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாண்டு என் இடுப்பில் இருந்தாள். வாசலில் நின்ற தன் அம்மாவை, யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுபோலப் பார்த்துவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சரிக்கா" என்றேன்.