கண் வைக்காத படங்கள்

அவனியாபுரத்தில் சிவபாண்டி வீட்டு ஹாலில் ஏழு வருடமாக ஒரு ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது. அதற்குக் கண் கிடையாது. சிவபாண்டி வரைந்த காளைதான். கொம்பு, திமில், வால் மயிர் வரை வரைந்த அன்று சாயங்காலம் அது படத்தை விட்டு இறங்கியது. அன்றிலிருந்து டிவி ஸ்டாண்டை முட்டுவதும் காய்கறிக் கூடையை மோந்து கவிழ்ப்பதுமாகக் காலத்தை ஓட்டுகிறது. அடுத்து இறங்கியது ஒரு ஷேர் ஆட்டோ. முகப்பு விளக்கில்லாமல் மாடிப்படி ஓரம் உறுமிக்கொண்டு நிற்கும் அதில், துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அவர் மனைவி பாண்டீஸ்வரி முழங்காலை இடித்துக்கொள்கிறாள். அப்புறம் இறங்கிய காக்காய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு மனுஷி எம்புட்டுத்தான் பொறுப்பாள்?

சிவபாண்டிக்குத் தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை; ஓவியம் ஞாயிற்றுக்கிழமைப் பித்து. கல்யாணமான புதிதில் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு குயவர் கோயிலுக்கு மண்குதிரை செய்வதைப் பார்த்தார். எல்லாம் முடிந்தாலும் கண்ணை மட்டும் விட்டுவைத்துத் திருவிழா அன்றுதான் திறப்பார்களாம். சாமி குதிரைக்கான அந்த முறையை ஆட்டோவுக்கும் காக்காய்க்கும் சேர்த்து எடுத்துக்கொண்ட ஆள் மதுரை ஜில்லாவிலேயே இவர் ஒருவர்தான். குயவருக்காவது திருவிழாத் தேதி உண்டு. இவருக்கு ஏது? கண் வைக்கவேண்டிய நேரத்தில் அடுத்த படத்துக்குக் கோடு போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், "முடிச்சிட்டா மறுநா எதுக்கு எந்திரிக்கிறது?" என்பார். எந்திரித்து ஆபீஸ் போக வேண்டாமா என்று பாண்டீஸ்வரி கேட்டால் பிரஷ்ஷைக் கழுவப் போய்விடுவார்.

இதையெல்லாம்கூட அவள் சகித்திருப்பாள். ஆனால் அவர் முதன்முதலில் வரைந்தது அவளைத்தான். பச்சைச் சேலையில், இருபத்து நாலு வயதில், இமை மூடியபடி இறங்கியவள் பத்தொன்பது வருடமாகச் சுவரைத் தடவித் தடவி நடக்கிறாள். தெருவில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்பார்கள். வயது ஏறவே இல்லை. அவளுக்குத் தலை வாரி, சோறு போட்டு, காளை கிட்டே போகாமல் கையைப் பிடித்து இழுத்து, திட்டி, ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டது பாண்டீஸ்வரிதான்.

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை சின்னவள் தண்ணீர்ச் செம்பைத் தேடி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டாள். பாண்டீஸ்வரி அந்தக் கையைப் பிடித்தபடியே அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்காரவைத்தாள். அப்போது அவர் புதிதாக ஒரு தண்ணீர் லாரிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"பாருங்க. எப்படி வெந்துபோச்சுன்னு பாருங்க. இன்னும் எத்தனை வருசம் இவளைத் தடவ விடுவீக?"

"அப்ப உனக்கு இருந்த கண்ணு வரமாட்டேங்குது ஈஸ்வரி. நானும் எம்புட்டோ தடவை யோசிச்சுட்டேன்."

"அப்ப இருந்ததை யாரு கேட்டா? இப்ப இருக்கிறதை வைங்க."

அவர் தூரிகையை எடுத்தார். எதிரே நின்ற மனைவியை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இதிலும் அலட்சியமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சின்னவளின் இமையில் விழுந்த கண் அச்சு அசலாக அவளுடையதே: இடது கண்ணின் ஓரத்துப் பழுப்புப் புள்ளி, தூக்கம் போதாத சிவப்பு, பத்தொன்பது வருட எரிச்சல், ஒன்று குறையவில்லை. இந்த மனுஷன் இத்தனையையும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அதற்காகக் கோபம் போய்விடவில்லை.

சின்னவள் முதலில் பாண்டீஸ்வரியைப் பார்த்தாள், நெடுநேரம். பிறகு வீட்டைப் பார்த்தாள். அப்புறம் சிவபாண்டியிடம், "பிரஷ்ஷைக் கீழ வைக்காதீக. அடுத்து அந்த மாடு," என்று சொல்லி அவர் தோளருகே நின்றுகொண்டாள். பொழுது சாய்வதற்குள் காளை தானாக வாசலைக் கண்டுபிடித்து இறங்கிப் போனது. ஆட்டோ விளக்கைப் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் ஆள் ஏற்றப் போனது. காக்காய்கள் பக்கத்து வேப்பமரத்துக்கு மாறின. சின்னவள் எங்கும் போகவில்லை. வெந்த கையில் மருந்து தடவிக்கொண்டு, மறுகையால் காபி போட்டு எடுத்து வந்தாள். "உட்காருக்கா," என்றாள். பாண்டீஸ்வரி அந்த வீட்டில் பகலில் உட்கார்ந்தது அன்றுதான்.