டிரைவர் நாற்காலி

அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் பின்பக்கம் கொசுவிச் சேர்த்து ஆக்ஸிலியா ஊக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படுக்கையில் கிடந்த ஐந்து மாதத்தில் மனுஷன் பாதியாகிவிட்டார். கிறிஸ்மஸுக்கு எடுத்து, போடாமலே பெட்டியில் இருந்த சட்டை இன்னொரு ஆளையும் உள்ளே விட்டுக்கொள்ளும் போலிருந்தது. தோளைத் தூக்கிப் பிடித்திருந்த அம்மா கித்தேரியம்மாள், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அம்மா கேட்டது வாசலில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களைப் பற்றியல்ல. அது மகளுக்கும் தெரியும்.

வரவேண்டியவர்கள் ஆறு பெண்கள். பண்ணைக்காட்டிலிருந்து அப்பா உபகாரத்தின் ஜீப்பில் காப்பிப் பழம் பறிக்கப் போய்வந்தவர்கள். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து திரும்பும்போது, மூடுபனிக்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று குறுக்கே வந்தது. உபகாரம் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஜீப் வளைவில் உருண்டது. கந்தம்மாளின் மகள் ஸ்வேதா அங்கேயே போய்விட்டாள். காலேஜில் படிக்கிற பிள்ளை, கைச்செலவுக்கு ஆகுமென்று சனி ஞாயிறு மட்டும் அம்மாவோடு வந்தவள். உபகாரத்துக்கு முதுகெலும்பு போனது. வேகமாக ஓட்டி வந்ததாகப் போலீஸ் எழுதியது, ஊரும் அதையே சொன்னது. வேகமாக வந்தது உண்மைதான். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

இன்று காலை ஐந்து மணிக்கு உயிர் பிரிந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். மணி பதினொன்றாகியும் ஆறு பேரில் ஒருத்தியைக்கூடக் காணோம். முகத்தைக்கூடப் பார்க்க வராத வெறுப்பென்றால், ஒரு பிள்ளையைக் கொன்றவராகத்தான் அப்பா குழிக்குள் இறங்கப் போகிறார். கொடைக்கானல் லாட்ஜில் ரிசப்ஷனில் நின்று, ஊர்ப்பட்ட டூரிஸ்டுகளின் கோபத்துக்கெல்லாம் சிரித்துப் பழகிய ஆக்ஸிலியா, இன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டியவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள்.

ஃபாதரிடம் பூசை நேரத்தைக் கேட்டுவரும் சாக்கில் கிளம்பினாள். கோயிலை ஒட்டிய ஹாலுக்குள் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. கந்தம்மாளும் மற்றவர்களும் சனிக்கிழமை சனிக்கிழமை கூடும் இடம் அது. இன்றும் சனிக்கிழமைதான்.

தை மாதத்திலிருந்து இது நடக்கிறது. நாயுடுபுரத்திலிருந்து செலினா டீச்சர் வருவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பவர். இங்கே சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, எழுதிவைத்த வசனமும் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஜீப் மாதிரிப் போட்டு, அன்றைக்கு உட்கார்ந்த வரிசையிலேயே உட்காருவார்கள். ஒருத்தி தொடங்குவாள். மற்றவர்கள் அந்தந்த நேரத்தில் வாயில் வந்ததைப் பேசுவார்கள், பாடுவார்கள், அழுவார்கள். இரண்டு பேர் தூக்க மாத்திரையை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. ஆக்ஸிலியாவையும் டீச்சர் கூப்பிட்டுப் பார்த்தார். எங்கள் குடும்பம் அழிந்ததை வைத்து நீங்கள் கூத்தடிப்பதற்கு நான் வேறு வரவேண்டுமா என்று கேட்டு அனுப்பிவிட்டாள்.

அப்பாவுக்கு எப்படியோ அது தெரிந்துபோனது. தன் சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்று ஒருநாள் கேட்டார். யாருமில்லை, அது காலியாகத்தான் கிடக்கிறதாம் என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று பிறகு பல நாள் வருந்தினாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாற்காலிகள் போட்டபடி இருந்தன. முன்னால் இருந்த நாற்காலியில் ஆளில்லை. பின்னால் ஏழு. கந்தம்மாளுக்குப் பக்கத்தில் ஸ்வேதாவினுடையது காலி.

"இன்னைக்குமா நாடகம் போடுறீங்க?"

யாரும் நிமிரவில்லை. டீச்சர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாடகம் இல்லையாம். வெள்ளனவே மாலை வாங்கியாயிற்றாம். மூன்று தடவை கோயில் கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார்களாம். மகளைப் பறிகொடுத்தவள் வராமல் நாங்கள் எப்படிப் போவது என்று மற்ற ஐந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். கந்தம்மாளோ எழுந்திருக்கவேயில்லை.

"ஒக்காரு தாயி," என்றாள் கந்தம்மாள், தரையைப் பார்த்தபடி. "ஒங்கப்பா சீட்டு அது."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போகத்தான் ஆக்ஸிலியா வந்திருந்தாள். ஆனால் உட்கார்ந்துவிட்டாள். விடிந்ததிலிருந்து அவள் உட்காரவேயில்லை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்கூட்டி தவிர எதையும் ஓட்டி அறியாதவளின் இடது கை தானாகக் கியரைத் தேடியது.

"எல்லாரும் ஏறியாச்சா? கைய உள்ள வச்சுக்கங்க."

குரல் அவளுடையதுதான். சொன்ன விதம் உபகாரத்தினுடையது. பின்னால் யாரோ விசும்பி அடக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் காளியாயி என்ற மூத்தவள் வாய்க்குள்ளேயே இன்ஜின் சத்தம் போட ஆரம்பித்தாள். ஆக்ஸிலியா ஸ்டியரிங்கைத் திருப்ப, ஆறு பேரும் ஒன்றுபோலச் சாய்ந்தார்கள். ஒருத்தி காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தாள். இன்னொருத்தி எஸ்டேட் மேஸ்திரியைத் திட்டினாள். யாரோ பாட்டை எடுக்க, மற்றவர்கள் கை தட்டினார்கள். அப்பா தினமும் இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஓட்டியிருக்கிறார். அது ஆக்ஸிலியாவுக்கு இதுவரை தெரியாது.

வளைவு நெருங்க நெருங்கப் பாட்டு தேய்ந்து நின்றது. எல்லோரும் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து வரவேண்டியது காட்டுமாடு. அதற்கு முன்னால் கந்தம்மாள் எட்டி, ஆக்ஸிலியாவின் காதருகே சொன்னாள்.

"அண்ணே, வெரசா விடுங்கண்ணே. டெய்லரு கடையச் சாத்திருவாரு. பிள்ளைக்கு நாளைக்குப் போட புதுச் சுடிதாரு வேணுமாம்."

இதை அன்றைக்கு ஜீப்பில் இருந்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பதினைந்து சனிக்கிழமையில் ஒருத்தி வாயிலிருந்தும் இது வந்ததில்லை. அப்பாவும் போலீசிடம் சொல்லவில்லை, பெற்ற மகளிடம் சொல்லவில்லை. விழுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆக்ஸிலியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டாம். திரும்பி அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க நினைத்தாள். ஆனால் கை ஸ்டியரிங்கில் இருந்தது, வளைவு வேறு வந்துவிட்டது.

"கட போனாப் போகுது கந்தம்மா," என்றாள். "நாளைக்கு வெள்ளனே போயி வாங்கிக்கிரலாம்."

சொல்லிவிட்டுக் கியரைக் குறைத்தாள். காலைத் தரையில் அழுத்திப் பிடித்தாள். ஆறு பேரும் முன்னால் சரிந்து, நிமிர்ந்து, நின்றார்கள். யாரும் அசையவில்லை. அசைந்தால் கெட்டுவிடும் என்பதுபோல எல்லோரும் முன்னால் இருந்த வெறுஞ்சுவரையே பார்த்தார்கள்.

"மாடு போயிருச்சுண்ணே," என்றாள் காளியாயி மெதுவாக.

ஆக்ஸிலியா மெல்ல உருட்டிக்கொண்டே போய் வளைவைத் தாண்டினாள். கண்ணில் நீர் இறங்கி மோவாயில் சொட்டியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கேட்டாள்.

"ஒங்க வீட்டு வாசல்லயே எறக்கி விட்டுருங்கண்ணே," என்றாள் காளியாயி. "எல்லாருக்கும் அங்கதான் சோலி."

நிறுத்தினாள். ஒவ்வொருத்தியாகச் சேலையைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் பார்த்துக் காலை ஊன்றி இறங்கினார்கள். காளியாயி போய் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். கடைசியாகக் கந்தம்மாள் இறங்கினாள். இறங்கியவள் நடக்கவில்லை. திரும்பி, தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பாத்து எறங்குடி."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. ஆக்ஸிலியா பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் காத்திருந்தாள்.