பனியன் மட்டும் கழியாது

வரி ஆபீசரே தன் கடை வாசலில் கியூவில் நிற்கப்போகிறார் என்று ஜெராக்ஸ்காரர் சொன்னதும் அவர் மச்சான் சிரித்த சிரிப்பில், கூரைப் பல்லி மூன்று நாளைக்கு ஊரைவிட்டே போய்விட்டது.

"எதுக்கு மாமா, உங்களப் புடிச்சிட்டுப் போகவா?"

"சிரி மாப்ள, சிரி. மெஷின் ரிப்பேர், மை, பேப்பர், ஒரு வருஷ பில்லு ஒண்ணு விடாம இருக்கு. அத்தனையும் வருமானத்துல கழிச்சா வரி கொசு அளவுதான் வரும். லேமினேஷனும் போட்டுட்டா நூறு வருஷம் தாங்கும். பாராட்ட அவரே வருவாரு."

மனைவியின் தம்பி வாயை அடைக்கும் ஆசையில், பார்வையை அவன்மேலேயே வைத்துக்கொண்டு, கை போன போக்கில் பில்களை லேமினேஷன் மெஷினுக்குள் தள்ளினார். பெருமை ஓய்ந்து திரும்பினால் அத்தனையும் கரிக்கட்டையாகப் பளபளத்தன. சூடு பட்டால் கறுக்கும் காகிதம். வாடிக்கைக்காரர்களை இது விஷயமாக லட்சம் தடவை எச்சரித்தவரும் அவரேதான்.

திங்கட்கிழமை வரி ஆபீசில் கணக்கைக் காட்டவேண்டும். பில் இல்லாவிட்டால் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். விழுகிற வரிக்குப் புது ஜெராக்ஸ் மெஷினைத்தான் விற்கவேண்டும். கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி ஒரு கறுப்பு அட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல முகம் பாத்துத் தலை சீவிக்கலாம்போல இருக்கு. ஏங்க, காலையில மெஷின் ஓடுதான்னு பாக்க எதை நகல் எடுப்பீங்க?"

"கையில கெடைக்கிறத. முந்தின நாள் பில்லு..."

"அந்தத் தாளெல்லாம் எங்க போகுது?"

அவளிடம்தான். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று அதில்தான் சாமான் பட்டியல் எழுதுவாள். விலை ஏறுவதை ஒத்துப் பார்க்க, ஒன்றையும் எறியமாட்டாள்.

திங்கட்கிழமை ஆபீசர் அந்த நகல் தாள் ஒவ்வொன்றையும் இருபுறமும் படித்தார். முன்னால் மை, உருளை ரிப்பேர். பின்னால் சோப்பு, துடைப்பம், ‘அவருக்கு பனியன் 2, பழசு வலை மாதிரி ஆயிடுச்சு.’ பில் எண்களை விற்றவர்களிடம் போனில் கேட்டுச் சரிபார்த்தார்.

"எல்லாம் சரி. பனியன் மட்டும் கழியாது. அது சொந்தச் செலவு."

"அத இன்னும் அவ வாங்கியே தரலீங்க," என்றார் ஜெராக்ஸ்காரர்.

ஆபீசர் மெல்லத் தன் மேசை இழுப்பறையைத் திறந்தார். அவருடைய சொந்த பில்கள், பாதி எழுத்து மங்கிப்போய்க் கிடந்தன.

"இதுக்கு என்ன வழி?"

"வாங்குன அன்னைக்கே நகல் எடுத்து, எதுக்குன்னு ஓரத்துல எழுதி வச்சிடுங்க. லேமினேஷன் பக்கம் மட்டும் போயிடாதீங்க."

சனிக்கிழமை மச்சான் தன் சான்றிதழை நகலெடுக்க வந்தான். அரைமணி நேரம் கழித்து வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தவனை அக்கா கேட்டாள்:

"என்னடா, இவ்வளவு நேரம்?"

புது பனியனில் நின்றிருந்த ஜெராக்ஸ்காரர் மெஷினைத் துடைத்தபடி காதைத் தீட்டிக்கொண்டார்.

"கியூ அக்கா," என்றான் அவன். "ஆபீசர் எனக்கு முன்னாடி நின்னாரு. பை நெறைய பில்லு."