இது கேஸ்ட்ரிக் இல்லண்ணே

வியாழக்கிழமை காலையில் தனேஸ்வரனைப் பார்க்கச் சகிக்காது. வேனில் ஐஸ் பெட்டியை ஏற்றுவார், இறக்குவார், மறுபடி ஏற்றுவார். சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். கையில் சாவியை வைத்துக்கொண்டே பார்ப்பார்.

“ஈப்போ பாசார்ல மீனே இல்லயா?” என்று கேட்டுக்கொண்டே அவர் மனைவி கலாதேவி சமையற்கட்டிலிருந்து வந்தாள். “லூமுட் வரைக்கும் போயி வாங்குனாத்தான் கொழம்பு கொதிக்குமா?”

“படகு வர்ற ஜெட்டில ஃபிரெஷ்ஷா கெடைக்குது லா. நம்ம கேட்டரிங்குக்கு அந்த மீனுதான் பேரு. மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்.”

“மீனு ஃபிரெஷ்ஷா, மீன்காரி ஃபிரெஷ்ஷா?”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் வேன் புந்தோங் சந்து முனையைத் தாண்டும் வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவள் மனதில் என்னென்னவோ ஓடியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எதற்கு வாசகரை இழுத்தடிப்பது? மீன்காரியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தூரத்துக் கடற்கரை ஊரான லூமுட்டில் ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவர் ஒருவரை மனுஷன் பார்க்கப் போகிறார். திரும்பும்போது ஜெட்டியில் மீன் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் சங்கதி.

தனேஸ்வரனை ஈப்போவில் தெரியாத தமிழர் குறைவு. சிலிம் ரிவர் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியது, ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ஈப்போவுக்கு வந்து மண்டபங்களில் தட்டுக் கழுவியவர், அதற்கு நடுவிலேயே ஹாக்கி ஆடி மாநிலக் குழுவின் கோல் காவலர் ஆனார். ஆட்ட வயது முடிந்ததும் சொந்தமாகக் கேட்டரிங் தொடங்கினார். இன்றைக்குப் பேராக் மாநிலத்தில் பெரிய கல்யாணம் என்றால் முதலில் அவரிடம்தான் தேதி கேட்கிறார்கள்.

இப்படி ஒருவர் கிடைத்தால் நம் இயக்கங்கள் சும்மா விடுமா? பொன்னாடை போர்த்தி, மேடையில் ஏற்றி, ஊக்கமூட்டும் தன்முனைப்பு உரை ஆற்றச் சொல்லிவிட்டார்கள். பேச்சில் ஒரு வேடிக்கை வைத்திருந்தார். “மனசு சரியில்லன்னு மூலையில ஒக்காந்தீங்கன்னா, அடுத்த பஸ்ஸு நேரா தஞ்சோங் ரம்புத்தான்தான் லா!” என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஈப்போக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஊர். அங்கே பெரிய மனநல மருத்துவமனை ஒன்று உண்டு. எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிய இடம். அந்த நல்ல ஊரின் பெயரை நம் வாய் வசவாக ஆக்கி வைத்திருக்கிறது. பிள்ளை அடம் பிடித்தால் தஞ்சோங் ரம்புத்தான், மாமியார் கத்தினால் தஞ்சோங் ரம்புத்தான்.

போன வருடம் சிம்பாங் பூலாயில் ஒரு கல்யாணம். பந்தி நடந்துகொண்டிருக்கிறது. சோற்றண்டாவின் பக்கத்தில் நின்ற தனேஸ்வரனுக்குத் திடீரென்று நெஞ்சு தறிகெட்டு அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு வரவில்லை. போய்ச் சேரப்போகிறோம் என்றே நினைத்துவிட்டார். வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதார். இதய மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, “இருதயம் நல்லா இருக்கு. இது பதற்ற நோய். மனநல டாக்டரப் பாருங்க” என்று சொல்லிவிட்டார்.

ஈப்போவில் எப்படிப் பார்ப்பது? கிளினிக் வாசலில் ஒரு வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் போதும், அவர் மேடையில் விட்ட பஸ் அவர் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும். அதனால்தான் லூமுட். அங்கிருந்த மருத்துவரம்மா பொறுமைசாலி. மருந்து கொடுத்தார். நெஞ்சு அடிக்கத் தொடங்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று பழக்கினார். தனேஸ்வரன் மெல்ல மெல்லத் தேறினார். தூக்கம் வந்தது. சாப்பாடு இறங்கியது. இதோடு கதை முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக எழுந்து போயிருப்பேன்.

முடியவில்லை. அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள், தினேஸ்வரி. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அப்பாவைப் போலவே கோல் காவலர். மலேசிய மாநிலங்கள் மோதும் சுக்மா போட்டிக்கான பேராக் குழுவில் இடம் கிடைக்கும் நிலையில் இருந்தாள். “தனேஸ்வரன் மகளாச்சே, பயம்னா என்னன்னு தெரியாது” என்று ஊரே சொன்னது. ஊர் சொல்லச் சொல்ல அந்தப் பெண் சாப்பிடுவதைக் குறைத்தாள். பயிற்சிக்குக் கிளம்பும் முன் வாந்தி எடுத்தாள். நகத்தைச் சுற்றியிருந்த தோலை ரத்தம் வரும் வரை பிய்த்தாள்.

பயிற்றுநர் மர்ஜானாவுக்குக் கண் இருந்தது. ஒரு மாலை, பயிற்சி முடிந்து திடலின் கார் நிறுத்துமிடத்தில் தனேஸ்வரனை நிறுத்தினார்.

“அண்ணே, தினேஸ்வரிய ஒரு டாக்டர்கிட்டயோ கவுன்சலர்கிட்டயோ கூட்டிட்டுப் போங்க. ஒடம்புல ஒண்ணும் இல்ல. மனசுலதான் பாரம். கோல்ல நிக்கிறப்ப கை நடுங்குது அவளுக்கு.”

தனேஸ்வரனுக்கு முகம் சிவந்தது. மகள் வேனின் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னா கோச் இப்படிச் சொல்றீங்க? எம் புள்ள என்ன தஞ்சோங் ரம்புத்தான் கேஸா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். தினேஸ்வரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மர்ஜானா மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு விவரம் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நடுக்கம் தன்னிடமிருந்துதான் அவளுக்கு வந்ததோ என்றுகூட உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. தேர்வுக் குழுவுக்குத் தெரிந்தால் இடம் போய்விடும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் பெயர் போய்விடும் என்று கணக்குப் போட்டார். அடுத்த வியாழக்கிழமை தன் மருந்தை வாங்க லூமுட் போனார். வந்து மகளிடம், “பயப்படாத. காலையில இன்னும் கொஞ்ச நேரம் ஓடு, எல்லாம் சரியாயிரும்” என்றார். இவரை என்ன செய்வது சொல்லுங்கள்.

சனிக்கிழமை தேர்வு ஆட்டம் நடந்தது. பெற்றோர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தமிழர் விளையாட்டுக் கழகத் தலைவர் உடையப்பனும் வந்திருந்தார். அவர் மகளும் அந்தக் குழுவில் இருந்தாள். கழகத்தின் அடுத்த விருந்தில் தனேஸ்வரன்தான் பேச வேண்டும் என்று ஏற்பாடு செய்திருப்பவரும் அவர்தான்.

முதல் பாதியில் தினேஸ்வரி ஒரு சாதாரணப் பந்தை விட்டாள். அடுத்து இன்னொன்று. தனேஸ்வரன் வேலியைப் பிடித்துக்கொண்டு, “முழிச்சிக்கிட்டு நில்லு!” என்று கத்தினார். இடைவேளை முடிந்து குழு திடலுக்குத் திரும்பியபோது அவள் வரவில்லை. மாற்றுக் காவலர் ஓடிப்போய் கோலில் நின்றாள்.

உடை மாற்றும் அறையின் கழிவறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. மர்ஜானா தட்டிக்கொண்டிருந்தார். கலாதேவி ஓடி வந்தாள், பின்னால் தனேஸ்வரன், அவருக்குப் பின்னால் உடையப்பனும் நாலைந்து பெற்றோரும். உள்ளிருந்து மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா, என்னால முடியலம்மா. செத்துருவேன் போலருக்கு.”

“கதவ ஒடைங்க. யாராச்சும் ஒடைங்க,” என்று கலாதேவி அழுதாள்.

அந்தச் சத்தம் தனேஸ்வரனுக்குத் தெரியும். சிம்பாங் பூலாயில் வேனுக்குள் அவரே எழுப்பிய சத்தம் அது. என்ன சொன்னால் அடங்கும் என்பதும் தெரியும். ஆனால் மனுஷன் வாயைத் திறப்பதற்கு முன் திரும்பி, பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பெற்ற பிள்ளை உள்ளே மூச்சுக்குத் தவிக்கிறது, இவர் ஆள் பார்க்கிறார். வெட்கம் பிடித்தால் அப்படித்தான், சனியன் லேசில் விடாது.

“அப்பா இருக்காராம்மா?” என்றது உள்ளிருந்து குரல்.

தனேஸ்வரன் ஈரத் தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்தார்.

“இருக்கேன்டா. கதவத் தொறக்க வேணாம். அப்படியே இரு.”

“மூச்சு வரலப்பா.”

“வருது. வரலன்னா ஒன்னால பேச முடியாது. நெஞ்சு படபடன்னு அடிக்குதா? வெரலு மரத்துப் போச்சா? சுவரு மேல விழுறாப்ல இருக்கா?”

“ஆமா.”

“சாவு இல்லடா அது. சாவு மாரி மெரட்டும், அவ்ளோதான். அதோட சண்ட போடாத, தானா எறங்கிரும். கீழ தரையத் தொடு. எப்படி இருக்கு?”

“சில்லுன்னு இருக்கு. ஈரமா இருக்கு.”

“சரி. கால் பேடத் தொடு.”

“சொரசொரன்னு இருக்கு. ஓரத்துல பிஞ்சிருக்கு.”

“நல்லது. இப்ப மூச்ச உள்ள இழுக்காத, வெளிய விடு. மெதுவா. சுடுதண்ணி ஊதுற மாரி. அவசரமே இல்ல, அப்பா இங்கதான் இருக்கேன்.”

வெளியே ஆட்டத்தின் விசில் கேட்டது. யாரும் அங்கிருந்து நகரவில்லை. உள்ளே மூச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. கலாதேவி கணவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து தினேஸ்வரி கேட்டாள்.

“யூடியூப்ல பாத்தேன்டா.”

“வெரலு மரத்துப் போனத நான் யாருகிட்டயும் சொன்னதில்லப்பா. பொய் சொல்லாதீங்க.”

தனேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். “எனக்கும் வரும். போன வருசத்துலேருந்து. லூமுட்ல ஒரு டாக்டரம்மாவப் பாக்குறேன். மருந்து சாப்புடுறேன். மீன் வாங்கப் போறேன்னு ஒங்க அம்மாகிட்ட சொன்னதெல்லாம் பொய்.”

கலாதேவி அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “நான் என்னென்னமோ நெனச்சிட்டேங்க,” என்றாள். “ஒரு வார்த்த சொல்லிருந்தா நானும் கூட வந்துருப்பேனே. தனியாவா போயிட்டு வந்தீங்க இத்தன நாளா?”

அப்போதுதான் உடையப்பன் குனிந்து அவர் காதோரம் பேசினார். நல்ல எண்ணத்தில்தான் பேசினார்.

“தனேசு, மெதுவாப் பேசு. ஆளுங்க நிக்கிறாங்க. புள்ளைக்குக் கேஸ்ட்ரிக்னு சொல்லிருவோம். தேர்வுக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன், நீ கவலப்படாத.”

நம் வீடுகளில் கேஸ்ட்ரிக் என்ற வயிற்றுவலி எத்தனை துக்கத்தை மூடி மறைத்திருக்கிறது என்று யாராவது எழுதினால் பெரிய புத்தகமே ஆகும். தனேஸ்வரன் எழுந்து நின்றார். குரலைத் தணிக்கவில்லை.

“இது கேஸ்ட்ரிக் இல்லண்ணே. மனசுக்கு வந்த நோவு. எனக்கும் இருக்கு, எம் மகளுக்கும் இருக்கு. விருந்துல வந்து பயப்படாதீங்கன்னு பேசச் சொன்னீங்க. பயத்துக்கு மருந்து சாப்புடுறவன்ணே நான். பேசுறதா இருந்தா அதத்தான் பேசுவேன். ஜெயிச்சவனுக்கும் மனசு ஒடையும், ஒடஞ்சா டாக்டர்கிட்ட போவணும், போறதுல கேவலம் ஒண்ணும் இல்ல. நான் மேடையில சிரிக்க வச்சேன் பாருங்க, அதுதான் கேவலம். வேணாம்னா வேற ஆளக் கூப்புட்டுக்குங்க.”

மற்ற பெற்றோர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். உடையப்பன் மட்டும் போகாமல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்.

“அந்த மருந்து சாப்புட்டா, ராத்திரி தூக்கம் வருதா தனேசு?”

“வருதுண்ணே.”

“அப்புறம் போன் பண்றேன்,” என்று சொல்லிவிட்டு உடையப்பனும் நடந்தார்.

தாழ்ப்பாள் விலகியது. தினேஸ்வரி வெளியே வந்தாள். முகம் வீங்கியிருந்தது, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மர்ஜானா அவள் தோளில் துண்டைப் போர்த்தி, “இன்னிக்கு ஆடுனது போதும். சுக்மா மறுபடியும் வரும், நீ மொதல்ல நல்லா இரு” என்றார். இந்த முறை அவளுக்கு இடம் கிடைக்காது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. தனேஸ்வரனுக்கும் புரிந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“திங்கக்கெழம ஈப்போ கிளினிக்குக்கே போலாம்மா,” என்றார். “நாம எல்லாரும் போலாம்.”

“யாராச்சும் பாத்தா?”

“பாக்கட்டும்.”

அவர் மகளை அணைக்கக் கையை நீட்டினார். அவள் ஒரு அடி தள்ளியே நின்றாள்.

“கோச் சொன்னப்ப என்னைய தஞ்சோங் ரம்புத்தான் கேஸான்னு கேட்டீங்க. அப்பவே நீங்க டாக்டர்கிட்ட போய்க்கிட்டுதானே இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“நீங்க மருந்து சாப்புடுறதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்லப்பா,” என்றாள் தினேஸ்வரி. “கொணமாகுற வழி தெரிஞ்சிருந்தும், நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு பெத்த புள்ளைக்கே அத மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் நீங்க வெக்கப்படணும்.”