லிஃப்ட் மெக்கானிக் குடித்தார், போதை வீட்டுக்குப் போனது

லிஃப்ட் மெக்கானிக் குடித்தால் அவருக்குப் போதை ஏறாது, அவர் மனைவிக்கு ஏறும். கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில் கால் பாட்டிலைத் திறப்பார். ஊரின் இன்னொரு மூலையில் துணி உலர்த்திக்கொண்டிருப்பவளுக்கு நாக்கு தடிக்கும், தரை சாயும். மறுநாள் தலைவலியும் அவளுக்குத்தான். அவரோ நூல் பிடித்தாற்போல் நடந்து வந்து, ஷூவை ஜோடியாகக் கழற்றி வைத்து, மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். வாசனை மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. அதற்குச் சட்டைப்பையில் மின்ட் மிட்டாய் வைத்திருந்தார்.

தெரு கண்ணால் பார்த்ததைத்தான் நம்பியது. மனைவி தள்ளாடினாள், கணவர் தாங்கிப் பிடித்தார். "இப்படி ஒரு பொண்டாட்டிய வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை திட்டுறாரா பாரு! தங்கமான மனுஷன்" என்றார்கள். அந்தத் தங்கத்துக்கு ஆறுதலாக நண்பர்கள் அடிக்கடி வாங்கிக் கொடுத்தார்கள். ஆறுதல் கூடக் கூட இங்கே இவளுக்கு வாந்தி கூடியது. வருஷங்கள் ஓடின, அவருக்குப் பதவி உயர்வு வந்தது, அவளுக்குக் கெட்ட பெயர் வந்தது.

"ஏங்க, நீங்க குடிச்சா எனக்குல்ல ஏறுது" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"அப்ப நான் நிதானமாத்தானே இருக்கேன்? நிதானமா இருக்கறவன் எதுக்கும்மா நிறுத்தணும்?" என்றார். அவரளவில் அது சரியான வாதம்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங் மாணவர் கையில் இருக்கும், கூடுதல் பிரேக் இவள் காலடியில். ஒரு மதியம் மெக்கானிக் வேலையைச் சீக்கிரம் முடித்த சந்தோஷத்தைக் கொண்டாடியதில், இவள் கால் பிரேக்கைத் தேடித் தேடிக் கால்மிதியை அழுத்தியது. கார் ஒரு ஆபீஸ் வாசலில் இருந்த பூந்தொட்டிகளை எல்லாம் முடித்துவிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. ஸ்கூல் முதலாளி ஓடிவந்து அவள் வாயருகே மோந்து பார்த்தார், ஒன்றுமே வரவில்லை. அதில் அவருக்குச் சந்தேகம் போய், மரியாதை வந்தது.

"வாசனையே வராத சரக்கா, அக்கா? எங்க கிடைக்குது?" என்று கேட்டுவிட்டுச் சுதாரித்துக்கொண்டார். "குடிய நிறுத்துற குரூப் ஒண்ணு இருக்காம்ல, அதுல சேர்ந்து சரியாகி வாங்க. இல்லன்னா இந்த வேலைய மறந்துடுங்க."

ஊரில் பார் எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வழி சொல்லும். குரூப் எங்கே என்று கேட்டால் பெரியவர்களெல்லாம் வானத்தைப் பார்த்தார்கள். இடம் தெரியும் என்று சொன்னால் போனவன் என்று ஆகிவிடுமே. கடைசியில் மருந்துக்கடை அம்மாதான், "டைல்ஸ் கடைக்கு மேல, இடது பக்கக் கதவு. படி ஒண்ணு உடைஞ்சிருக்கு, அந்தச் சிவப்பு நாற்காலில மட்டும் உக்காராதீங்க, ஆடும்" என்றார். பிறகு, "சும்மா கேள்விப்பட்டது" என்று சேர்த்துக்கொண்டார்.

குரூப்பில் புதிதாக வருபவர் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

"நான் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்லங்க" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"நாங்களும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சோம்" என்றார் தலைவர், கண்ணாடிக்கடைக்காரர்.

"குடிக்கறது என் வீட்டுக்காரருங்க."

கைதட்டல் பலமானது. "அடுத்தவங்க மேல பழி போடறது ரெண்டாவது கட்டம். நல்லா முன்னேறுறீங்க!"

உண்மையை மட்டுமே சொல்லி மாதக்கணக்கில் முன்னேறினாள். பிறகு குடும்பத்தாரை அழைக்கும் நாள் வந்தது. மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அவர் பொறுமையைப் பாராட்டி எல்லோரும் கைகுலுக்கினார்கள். அந்தப் பாராட்டு தாங்காமல் அவர் பாத்ரூமுக்குள் போய்ப் பாட்டிலைத் திறந்தார். வெளியே, எல்லோர் கண் முன்னாலும் டீ குடித்துக்கொண்டிருந்தவளின் கண் செருகியது, கப் சாய்ந்தது.

மெக்கானிக் மின்ட்டைச் சப்பிக்கொண்டு நேராக நடந்து வந்தார். அங்கே இருந்ததெல்லாம் பழுத்த மூக்குகள், மொத்தமாக அவர் பக்கம் திரும்பின.

"மாப்ள, ஊத்தினது நீ. சாயுறது இவங்க" என்றார் தலைவர். யாரும் ஆச்சரியப்படவில்லை. குடியில் அவர்கள் பார்க்காததா? தலைவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சா, குடிச்ச காலத்துல எனக்கும் தலைவலி வந்ததே இல்ல" என்றார். அவரவர் வீட்டில் சுவர் பார்த்துப் படுத்திருந்த மனைவிமார் அவரவர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"எந்திரிச்சுச் சொல்லுப்பா" என்றார்கள். மெக்கானிக் மறுத்தார். நான் நிதானமாக இருக்கிறேன் என்றார், கோடு போட்டு நடந்தும் காட்டினார்.

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குழறிக் குழறிச் சொன்னாள்: "சரி விடுங்க. நாளையிலேர்ந்து நானும் குடிக்கறேன். அது யாருக்கு ஏறுதுன்னு பாப்போம்."

தான் கயிற்றைப் பிடித்துத் தொங்கும் லிஃப்டின் இருட்டுக் குழியை மெக்கானிக் நினைத்துப் பார்த்தார். முகம் வெளுத்தது. எழுந்து, "நான் குடிக்கறேன்... நான்தான் குடிக்கறேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் மடங்கியது. இத்தனை வருஷப் போதையும் வரிசையில் நின்றிருந்ததுபோல் ஒவ்வொன்றாக அவருக்குள் போனது. அவள் கப்பை நேராக வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

அதிலிருந்து குரூப்பில் புதிதாக வருபவரிடம், "குடிக்கறது யாரு, ஏறுறது யாருக்கு?" என்று கேட்டு அதற்கேற்ப நாற்காலி போடுகிறார்கள்.

மெக்கானிக் பழைய தலைவலிகளோடு மாதக்கணக்கில் படுத்திருந்தார். தெருவே திரண்டு வந்து நெற்றியில் தைலம் தடவியது. "பாவம்டி, பொண்டாட்டி தொல்ல தாங்காம இவரும் ஆரம்பிச்சுட்டாரு" என்றது. அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. வாசலில் புது மாணவி கிளட்ச்சை விடப் பயந்துகொண்டு காருக்குள் காத்திருந்தாள்.