சல்லடையில் இறங்கிய தூள்

…சோதனை அறிக்கைப்படி கண்ணாடி பளிச்சென்று இருக்கிறதாம், இருக்காமல் என்ன செய்யும், கண்ணாடியில் படிய வேண்டிய தூளையே பிரித்தெடுத்துவிட்டு இருநூறு தடவை மூடியைத் திறந்து மூடினால் என் வீட்டுச் சர்க்கரை டப்பாகூடத்தான் தேறும்… நிலவில் நிறுத்தப்போகிற தொலைநோக்கி இது, அடுத்த மாதம் ராக்கெட்டில் ஏறுகிறது, அங்கே எவன் போய்த் துணியால் துடைப்பான்? அந்த மண் முகப்பவுடரைவிட நைசு, உடைந்த கண்ணாடி மாதிரிக் கூர், ஒட்டினால் விடாது, மூடியிடுக்கில் கொஞ்சம் புகுந்தாலும் போதும், ஏழு வருஷ உழைப்பு மங்கிப்போகும். இன்று காலை சோதனை அறையில் கிடந்த செயற்கை நிலவுமண்ணைக் கையுறையோடு தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்றது, நைசு என்பதே இல்லை, மூன்று மாதமாக யாரை ஏமாற்றியிருக்கிறோம்? பற்றிக்கொண்டு வந்தது. இந்த நேரம் பார்த்து இயக்குநர் போனில், "கையெழுத்துப் போட்டுடும்மா, எல்லாரும் காத்துட்டிருக்காங்க." அந்த 'ம்மா' இருக்கிறதே, தலையில் எதையாவது கட்டும்போது மட்டும் வரும். அவர்தான் செய்திருப்பார், தேதி தள்ளக்கூடாது என்று அவர்தான் நைசுத் தூளை எடுக்கச் சொல்லியிருப்பார், இந்த அறிக்கையை அவர் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும்…

பம்ப் அண்ணனிடம்தான் முதலில் பாய்ந்தேன், காற்றை உறிஞ்சும் பம்பைப் பார்த்துக்கொள்கிறவர், யாரைக் கேட்டுச் சலித்தீர்கள், அறிவிருக்கிறதா என்றெல்லாம், என் அப்பா வயது, அதுகூட உறைக்கவில்லை. அவர் அழுக்குத்துணி பிடித்த கையால் அறைக்கதவின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்.

"நீங்கதானே மேடம் எழுதி ஒட்டுனீங்க."

பம்ப் அடைக்கிறது, சல்லடையில் நிற்பதை மட்டும் போடவும். நீல மார்க்கர், என் கையெழுத்து, என் கோணல் 'டை'. ஆமாம், அன்றைக்கு வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், பம்ப் வேறு பாதியில் நின்றது, அன்றைக்கு ஒரு நாள் ஒப்பேற்றத்தான் எழுதினேன்… ஒரு நாள் என்று எழுதினேனா? எழுதவில்லை. இவர் தினமும் சலித்திருக்கிறார், இறங்கிய நைசை வீணாக்காமல் தேதி போட்டுப் பாட்டிலில் அடைத்து வரிசையாக வைத்திருக்கிறார். போன் மறுபடி அடிக்கிறது. சொன்னால் மூன்று மாதச் சோதனையும் திரும்ப, ராக்கெட் நமக்காக நிற்காது, அடுத்தது எப்போதோ… கோபத்தை இனி யார்மேல் கொண்டுபோய்க் கொட்டுவேன்? இந்தக் காகிதத்தை வேறு யார் பார்த்திருப்பார்கள், இயக்குநர் இந்தப் பக்கமே வரமாட்டாரே, என்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், பம்ப் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, டேப்பின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.